மேடு வருமுன் வளைந்த கோடு: இழுவைத் தொட்டியில் நடந்த ஓர் உள்ளலை ஆய்வின் பதிவு

பின்னணி

இந்த ஆய்வில் நால்வர் பங்கேற்றோம். நெறியாளர் ஒருவர், முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவர் ஒருவர், கணினிப் படிமத்தை (ஓட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் கணித மாதிரியை) உருவாக்கிய சக ஆய்வாளர் ஒருவர், படப் பகுப்பாய்வைக் கவனித்த நான். இவர்களோடு, முப்பது ஆண்டுகளாகத் தொட்டிகளையும் குழாய்களையும் பராமரித்துவந்த ஆய்வக டெக்னீஷியன் ஒருவரும் இருந்தார். அவரை ஐந்தாமவராக எண்ணாமல் உதவியாளராக மட்டும் எண்ணியது எங்கள் முதல் பிழை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

எடுத்துக்கொண்ட கேள்வி பழையதுதான். கடல்நீர் மேலிருந்து கீழ்வரை ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த நீர் மேலேயும், குளிர்ந்த, உப்பு மிகுந்த நீர் கீழேயுமாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அப்படி அடுக்கமைந்த நீர் கடலடி மேடு ஒன்றைக் கடந்து ஓடும்போது கனமான நீர் மேலே தள்ளப்படுகிறது, ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது, இந்த ஆட்டம் உள்ளலையாக நீருக்குள் பரவுகிறது. கடல் மேற்பரப்பில் இதன் அடையாளம் மிகச் சிறியது; உள்ளே நூறு மீட்டரைத் தாண்டிய ஏற்ற இறக்கங்கள் நிகழ்கின்றன. தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடையிலுள்ள லூசோன் நீரிணை, ஜிப்ரால்டர் நீரிணை, அந்தமான் கடல் ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற இடங்கள். செயற்கைக்கோள் உயர அளவீடுகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, ஓத (கடல் ஏற்றவற்ற) ஆற்றலில் ஏறத்தாழ 1 டெராவாட் (ஒரு லட்சம் கோடி வாட்) அளவு ஆழ்கடலில், பெரும்பாலும் கரடுமுரடான அடித்தரைக்கு மேலே, கரைகிறது என்று காட்டியது. அந்த ஆற்றல் முதலில் உள்ளலையாக மாறி, பிறகு உடைந்து நீரைக் கலக்குகிறது. ஆகவே ஒரு மேட்டைக் கடக்கும் ஓட்டம் எவ்வளவு அலையை எழுப்பும் என்பதை அறிவது கடல் கலப்பைப் புரிந்துகொள்வதற்கு அடிப்படையானது.

எங்கள் நோக்கம் அதைவிட மிக எளிமையானது. ஒரே சீராக அடர்த்தி மாறும் நீரில் ஒரு மேட்டை நிலையான வேகத்தில் இழுத்து, அதன் பின்புறத்தில் நிற்கும் அலைகளின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்து, சக ஆய்வாளரின் கணினிப் படிமத்துக்கு ஓர் உரைகல்லாக அந்த அளவீடுகளைத் தர விரும்பினோம். ஓடும் நீரில் மேட்டை நிறுத்துவதற்குப் பதிலாக நிற்கும் நீரில் மேட்டை இழுப்பது வசதிக்காகத்தான். சார்பு வேகம் ஒன்றே.

அமைப்பு

தொட்டி 6 மீட்டர் நீளமும் 40 செ.மீ. அகலமும் உடையது, பக்கங்கள் கண்ணாடியால் ஆனவை. அதில் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பினோம். மேலே நன்னீரும் அடியில் அதைவிட லிட்டருக்கு 30 கிராம் கனமான உப்புநீரும் இருக்க, இடையில் அடர்த்தி நேர்கோட்டில் கூட வேண்டும். இதற்கு இரட்டை வாளி முறையைப் பின்பற்றினோம். அடியில் குழாயால் இணைக்கப்பட்ட இரு பீப்பாய்களில் ஒன்றில் நன்னீர், மற்றொன்றில் உப்புநீர். நன்னீர்ப் பீப்பாயிலிருந்து தொட்டியின் அடிக்கு நீர் போகப்போக, உப்புநீர் அதற்குள் பாதி வேகத்தில் வந்து கலக்கும். முதலில் உள்ளே போன நன்னீரை, பின்னால் வரும் கனமான நீர் மெல்ல மேலே தூக்கிவிடும். ஒருமுறை நிரப்ப ஏறத்தாழ 15 கிலோ உப்பும் ஆறு மணி நேரமும் ஆகும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் அடுக்குகள் கலங்கிவிடும். ஆகவே நிரப்பும் நாளில் காலை ஏழு மணிக்கே பீப்பாயைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

இந்த அடர்த்திச் சரிவுக்கு மிதவை அதிர்வெண் வினாடிக்கு ஏறத்தாழ 1 ரேடியன். அதாவது, இருந்த இடத்திலிருந்து சிறிது தள்ளிவிடப்பட்ட நீர் 6.3 வினாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடும். மேட்டின் உயரம் 4 செ.மீ.; இழுக்கும் வேகம் வினாடிக்கு 2 செ.மீ. வேகத்தை மிதவை அதிர்வெண்ணால் வகுத்தால் வருவது 2 செ.மீ. இந்த நீளம் முக்கியமானது. அந்த வேகத்தில் வரும் நீர், அடுக்கமைவின் எதிர்ப்பை மீறித் தன் சொந்த ஆற்றலால் ஏறக்கூடிய உயரம் ஏறத்தாழ அவ்வளவுதான். மேடோ அதைப்போல இரு மடங்கு உயரம். எனவே அடிமட்டத்து நீர் முழுவதும் மேட்டைத் தாண்டாது, ஒரு பகுதி தேங்கி நிற்கும் என்பது தொடங்கும் முன்பே எங்களுக்குத் தெரியும். தெரிந்ததைக் கணக்கில் சேர்த்தோமா என்பது வேறு விஷயம்.

மேட்டைத் தொட்டியின் தரையில் இழுக்காமல், தலைகீழாகத் திருப்பி, நீரின் மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கித் தொங்கவிட்டு, மேலே ஓடும் தண்டவாள வண்டியில் பொருத்தியிருந்தோம். முதன்முறை பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் மொத்த அடர்த்தி வேறுபாடே 3 சதவீதம்தான் என்பதால் மேல் கீழ் என்ற பேதம் இயக்கத்துக்குக் கிட்டத்தட்ட இல்லை. தரையில் இழுத்தால் இழுவைக் கம்பிகளே நீரைக் கலக்கிவிடும் என்பதால் இது பலரும் கைக்கொள்ளும் உத்தி.

அலைகளைப் பார்க்க, தொட்டியின் பின்புறக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு புள்ளித்திரையை ஒட்டி, முன்புறமிருந்து கேமராவால் படம்பிடித்தோம். அடர்த்தி மாறும்போது ஒளிவிலகலும் மாறுவதால், அலை கடக்கும் இடத்தில் புள்ளிகள் சற்றே இடம்பெயர்ந்ததுபோல் தோன்றும். அந்த இடப்பெயர்ச்சியிலிருந்து அலையின் வீச்சைக் கணக்கிடலாம். கேமரா தொட்டியின் நடுப்பகுதியை மட்டும் பார்க்கும்படி முதலில் வைத்திருந்தோம். பிறகு டெக்னீஷியனின் சொல்லைக் கேட்டு, தொட்டி முழுவதும் தெரியும்படி இரண்டாவது கேமரா ஒன்றையும் வைத்தோம். இந்த இரண்டாவது கேமரா இல்லையேல் இக்கட்டுரை இல்லை.

முதல் இரு நாட்கள்: கண்டவை

முதல் நிரப்பில், முதல் நாள் மூன்று இழுவைகளும் இரண்டாம் நாள் நான்கும் நடந்தன. வண்டி தொடக்கச் சுவரிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் புறப்பட்டு, தொட்டியின் மறுமுனைக்கு 50 செ.மீ. முன்வரை ஓட 250 வினாடிகள் ஆகும். தொடக்கத்தில் எழும் கலக்கம் அடங்கி ஓட்டம் நிலைபெற வேண்டும் என்பதால், இழுவையின் கடைசி மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி காண்பது என்று தீர்மானித்தோம். தாமதமாகப் பார்த்தால் நிலையாக இருக்கும் என்ற அந்த யோசனையைச் சொன்னவன் நான். யாரும் மறுக்கவில்லை, எனக்கும் அதில் ஐயம் எழவில்லை.

முடிவுகள் படிமத்தோடு பொருந்தவில்லை. மேட்டின் பின்னால் அலைமுகடுகள் படிமம் சொன்ன இடத்தில் நிற்காமல், ஒரே இழுவைக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்ந்தன. நின்ற அலை என்று நாங்கள் அழைத்தது நிற்கவே இல்லை. தொட்டி முழுவதையும் காட்டிய காணொளியில் இன்னொன்றும் தெரிந்தது. வண்டி புறப்பட்டு ஏறத்தாழ 95 வினாடி ஆனதும், அதுவரை ஒழுங்காக இருந்த அலைக்கோலம் சட்டென்று சாய்ந்து மாறியது. ஏழு இழுவைகளிலும் இது கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடந்தது.

முதல் விளக்கங்களும் அவை விழுந்த விதமும்

முதலில் கேமரா அளவுத்திருத்தத்தைச் சந்தேகித்தோம். அரை நாளில் அது சரியாகவே இருப்பது தெளிவானது.

அடுத்த சந்தேகம் வலுவானது. இரண்டாம் நாள் காலையில் நீரின் உப்பளவை அறிய உதவும் கடத்துத்திறன் உணரியை இறக்கிப் பார்த்தபோது, மேல் 3 செ.மீ. நீர் ஒரே அடர்த்தியாகக் கலந்திருந்தது. நீரில் உப்பு தானாக விரவுவது மிக மெதுவானது. ஓர் இரவில் அது மட்டும் இவ்வளவு செய்யாது. இரவு முழுவதும் மேற்பரப்பு நீர் ஆவியாகிக் குளிர்ந்து, அந்தக் குளிர்ந்த நீர் கீழிறங்கிக் கலந்ததே காரணம். எங்கள் மேடோ மேற்பரப்பிலிருந்து தொங்குவது. 4 செ.மீ. மேட்டில் 3 செ.மீ. அடுக்கமைவே இல்லாத நீரில் மூழ்கியிருந்தது. இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஆய்வு மாணவர் உறுதியாக நம்பினார், நெறியாளரும் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாம் நாள் அளவீடுகளைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான். மேட்டைச் சுற்றி மிதவை அதிர்வெண் என்னவென்றே சொல்ல முடியாத நிலையில் எடுத்த அளவுகளை எந்தக் கோட்பாட்டோடும் ஒப்பிட இயலாது. அந்த நான்கு இழுவைகளையும் ஒதுக்கிவைத்தோம். ஆனால் 95ஆவது வினாடி மாற்றம் முதல் நாளிலும் இருந்தது. அன்று மேலடுக்கு கலந்திருக்கவில்லை. சக ஆய்வாளர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். தொட்டியின் ஆழம் முழுவதையும் ஒரே அலையாக அசைக்கும் இயக்கத்தின் வேகத்தை, 3 செ.மீ. கலந்த அடுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவாகவே மாற்றும். நேரம் சார்ந்த ஒரு மாற்றத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

இந்த இடத்தில் ஆறு வாரங்கள் வீணாயின. அளவீட்டில் தவறு கண்டுபிடிக்க முடியாததால், படிமத்தில்தான் தவறு என்று நெறியாளர் முடிவுக்கு வந்தார். சக ஆய்வாளர் பாகுத்தன்மையைக் கூட்டியும் வலைக்கட்டங்களை நெருக்கியும் பார்த்தார். எதுவும் உதவவில்லை. அவருடைய படிமம் சரியாகவே இருந்தது என்பதை இங்கே எழுதிவைப்பது நியாயம்.

ஊதாக் கோடு

மூன்றாவது நிரப்பின்போது, சாயக்கோடு வரைந்து ஓட்டத்தை நேரில் பார்க்கலாம் என்று டெக்னீஷியன் சொன்னார். பொட்டாசியம் பெர்மாங்கனேட் பளிங்கு (சிறு படிகத் துண்டு) ஒன்றை நீரில் போட்டால், அது கரைந்துகொண்டே கீழிறங்கி, மேலிருந்து அடிவரை மெல்லிய ஊதாக் கோடு ஒன்றை நட்டுவைக்கும். நீர் அசையாவிட்டால் கோடு நிமிர்ந்து நிற்கும். எந்த ஆழத்தில் நீர் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்த ஆழத்தில் கோடு அந்தப் பக்கம் வளையும். கருவிகளை நம்பியிருந்த எங்களுக்கு இது பள்ளிக்கூட வேடிக்கைபோல் தோன்றியது.

அவர் தொடக்கச் சுவரிலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒரு பளிங்கைப் போட்டார். வண்டி புறப்பட்டது. நாங்கள் எல்லோரும் மேட்டின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, மேடு இன்னும் இங்க வரவேயில்ல. கோடு இப்பவே ஏன் வளையுது?” என்றார்.

ஆய்வு மாணவர் திரும்பிப் பார்த்தார். “அண்ணே, கையை வச்சீங்களா தண்ணியில?”

“நான் தொடவேயில்ல. நீங்களே பாருங்க.”

மணிக்காட்டியில் 40 வினாடிகூட ஆகியிருக்கவில்லை. மேடு அந்தக் கோட்டிலிருந்து இன்னும் இரண்டே முக்கால் மீட்டர் தொலைவில் இருந்தது. ஆனால் கோட்டின் மேல்பாதி, மேடு நகரும் திசையிலேயே, மேட்டுக்கு அஞ்சி விலகுவதுபோல் முன்னால் சாய்ந்திருந்தது. கீழ்ப்பாதி எதிர்த்திசையில், மேட்டை நோக்கிச் சாய்ந்திருந்தது. நடுவில் ஒரு புள்ளி மட்டும் அசையவில்லை. ஆழம் முழுவதையும் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி மறுபக்கமுமாக அசைக்கும் இயக்கத்தை முதல் பாங்கு என்கிறோம். பாடப்புத்தகத்தில் வரைந்திருக்கும் அந்த வடிவத்தை ஊதா மையில் எழுதிக் காட்டியதுபோல் இருந்தது.

கணக்குப் பார்ப்பது அதன்பின் எளிதாயிற்று. முதல் பாங்கின் வேகம் மிதவை அதிர்வெண்ணை ஆழத்தால் பெருக்கி, பை (π) என்ற எண்ணால் வகுத்தால் கிடைக்கும்: வினாடிக்கு ஏறத்தாழ 9.5 செ.மீ. மேட்டின் வேகம் 2 செ.மீ. மட்டுமே. ஆகவே மேடு எழுப்பும் முதல் பாங்கு மேட்டைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகமாக முன்னால் ஓடும். புறப்பட்ட இடத்திலிருந்து 3.5 மீட்டரை அது 37 வினாடியில் கடக்கும். கோடு வளைந்ததும் அப்போதுதான். அது அங்கேயே நின்றுவிடாது. 58ஆவது வினாடியில் எதிர்ச்சுவரை அடைந்து, மோதித் திரும்பி, எதிரே வந்துகொண்டிருக்கும் மேட்டை 96ஆவது வினாடியில் சந்திக்கும். அலைக்கோலம் சாய்ந்ததை நாங்கள் ஏழு முறை பார்த்த நேரம் அது.

ஆகவே, நிலைபெற்ற ஓட்டம் என்று நம்பி நாங்கள் தேர்ந்தெடுத்த கடைசி மூன்றில் ஒரு பங்கு, தொட்டியின் சுவர் திருப்பியனுப்பிய அலைகளுக்குள் முழுவதுமாக மூழ்கியிருந்தது. முதல் பாங்குக்குப் பின்னால், வினாடிக்கு 4.8 செ.மீ. வேகத்தில் ஓடும் இரண்டாம் பாங்கும் 160 வினாடியை ஒட்டித் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். இழுவையின் மிக மோசமான பகுதியையே சலித்தெடுத்துச் சராசரி கண்டிருந்தோம்.

இதில் புதிய இயற்பியல் எதுவும் இல்லை என்பதுதான் உறுத்தலான செய்தி. 1893இல் நார்வே ஆய்வுப்பயணி நான்சனின் ஃப்ராம் கப்பல் வட துருவக் கடலில் காரணமின்றி வேகமிழந்ததையும், உப்புநீர்மேல் மிதந்த நன்னீர் அடுக்கில் கப்பலே உள்ளலைகளை எழுப்பியதால்தான் அது நேர்ந்தது என்று 1904இல் ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் தொட்டிச் சோதனைகளால் காட்டியதையும் நாங்கள் எல்லோரும் படித்தவர்கள். 1950களில் ராபர்ட் லாங் அடுக்கமைந்த நீரில் தடைகளை இழுத்துச் செய்த சோதனைகளும், மேட்டுக்கு வெகுமுன்னால் ஓட்டம் குலையாமல் இருக்கிறது என்ற எடுகோளின்மீது அவர் எழுப்பிய அழகான தீர்வுகளும் எங்கள் மேசைமேலேயே இருந்தன. மேடு உயரமாகவோ ஓட்டம் மெதுவாகவோ இருக்கும்போது அந்த எடுகோள் உடைகிறது என்பது அதன்பின் வந்த பல பத்தாண்டு ஆய்வுகள் நிறுவிய ஒன்று. தீர்வைப் பயன்படுத்தினோம்; அது எந்த நிலையில் செல்லும் என்பதை எங்கள் தொட்டிக்கு நாங்கள் சரிபார்க்கவில்லை.

எடுத்த முடிவுகள்

காரணம் இதுதான் என்று தோன்றியதும் அதைத் திருத்த முனைவதா, முதலில் நிறுவுவதா என்ற விவாதம் எழுந்தது. ஆய்வு மாணவர் உடனே திருத்த விரும்பினார். எதிர்ச்சுவரில் 30 செ.மீ. தடிமனுள்ள ஸ்பாஞ்சை வைத்தால் அலை அதில் அடங்கிவிடும் என்றார். நிரப்பிய தொட்டியிலேயே ஸ்பாஞ்சை இறக்கிப் பார்த்தார். அது நன்னீரில் நனைத்த ஸ்பாஞ்சு. உப்பு அடுக்குக்குள் போனதும் அதிலிருந்த இலேசான நீர் புகைபோல் மேலெழுந்து, அரை மணி நேரத்தில் தொட்டியின் ஒரு முனையையே கலக்கிவிட்டது. பதினைந்து கிலோ உப்பு சாக்கடையில் போயிற்று. அடுத்த நிரப்பில், தொட்டி காலியாக இருக்கும்போதே ஸ்பாஞ்சை வைத்து நிரப்பினார்கள். அப்போதும் திரும்பி வரும் அலை சற்று மங்கியதே தவிர மறையவில்லை. சில மீட்டர் நீளமுள்ள ஓர் இயக்கத்துக்கு 30 செ.மீ. ஸ்பாஞ்சு பெரிய தடையல்ல. குட்டை அலைகளை அது நன்றாகவே உறிஞ்சியது. எங்கள் சிக்கல் குட்டை அலைகளில் இல்லை.

நெறியாளர் வேறு வழியைச் சொன்னார். சுவரால்தான் இது நடக்கிறது என்றால், சுவரை நகர்த்தினால் நேரமும் நகர வேண்டும். தொட்டியின் 4ஆவது மீட்டரில் பக்கக் கண்ணாடிகளில் செங்குத்தான காடிகள் ஏற்கெனவே இருந்தன. நீர் நிரப்பி முடித்தபின், மெல்லிய அக்ரிலிக் தகடு ஒன்றை அந்தக் காடிகளின் வழியே மிக மெதுவாக இறக்கி, கலக்கம் அடங்க ஒரு மணி நேரம் காத்திருந்து இழுத்தோம். சுவர் 6 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு வந்தால், திரும்பும் அலை மேட்டைச் சந்திக்க வேண்டிய நேரம் 96 வினாடியிலிருந்து 61 வினாடியாகக் குறையும். வேறெதையும் மாற்றவில்லை: அதே மேடு, அதே வேகம், அதே அடுக்கமைவு. அலைக்கோலம் 60 வினாடியை ஒட்டிச் சாய்ந்தது. மூன்று இழுவைகளிலும் அப்படியே. அளவுத்திருத்தம், கலந்த மேலடுக்கு, படிமத்தின் பாகுத்தன்மை ஆகியவற்றில் எதுவும் இந்த நகர்வை விளக்காது. முழு ஆய்விலும் எனக்கு மிகவும் பிடித்த பகல் அது.

அதன்பின் எடுத்த தீர்மானங்களில் முதன்மையானது, அலைகளை ஒழிக்க முயலாமல், அவை வருமுன் அளந்துமுடிப்பது. மேட்டை ஒட்டிய அலைகள் உருவாக ஏறத்தாழ 40 வினாடிகள் ஆகின்றன. முதல் எதிரொலி, அதாவது சுவரில் மோதித் திரும்பும் முதல் அலை, 96ஆவது வினாடியில் வருகிறது. ஆகவே 40 முதல் 90 வினாடிவரை உள்ள பகுதியை மட்டும் பயன்படுத்துவது என்று முடிவானது. இதை ஏற்பதில் நெறியாளருக்குத் தயக்கம் இருந்தது. ஐம்பது வினாடிக்குள் கிடைப்பது உருவாகிவரும் ஓட்டத்தின் ஒரு கட்டம். முழுமையான நிலைபேறு அல்ல. அதை மறைக்காமல், ‘வரையறுத்த காலத்துக்கான அளவீடு’ என்றே குறிப்பிடுவது என்று ஒப்புக்கொண்ட பிறகே அவர் இசைந்தார்.

இரண்டாவது, இரு இழுவைகளுக்கு இடையிலான காத்திருப்பு. அதுவரை 20 நிமிடம் காத்தோம். தொட்டியில் முதல் பாங்கு ஒருமுறை போய்வர ஏறத்தாழ 126 வினாடி ஆவதால், 20 நிமிடத்தில் அது பத்து முறைகூடப் போய்வந்திருக்காது. புள்ளித்திரைப் படத்தைக் கூர்ந்து பார்த்தால் அப்போதும் நீர் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரு மணி நேரமாகக் கூட்டினோம். மூன்றாவது, நிரப்பிய நாளிலேயே எல்லா இழுவைகளையும் முடிப்பது, மறுநாள் அந்த நீரைத் தொடாமல் இருப்பது.

பின்விளைவு

பழைய காணொளிகள் முழு நீளத்துக்கும் சேமிக்கப்பட்டிருந்தது நல்வாய்ப்பு. முதல் நாளின் மூன்று இழுவைகளை, புதிய நிரப்பு எதுவும் இல்லாமல், 40 முதல் 90 வினாடிவரை மறுபடி பகுத்தேன். அலைமுகடுகள் இப்போது மேட்டோடு சேர்ந்தே நகர்ந்தன. அதாவது மேட்டிலிருந்து பார்த்தால் நின்றன. முகடுகளின் இடமும் உயரமும், பாகுத்தன்மையைக் கூட்டுவதற்கு முன்பிருந்த படிமத்தின் முதல் வடிவத்தோடு அளவீட்டுப் பிழை எல்லைக்குள் பொருந்தின.

சக ஆய்வாளர் இன்னொன்றும் செய்தார். அவர் படிமத்தின் இரு முனைகளும் திறந்தவை. அலைகள் அவற்றின் வழியே வெளியேறிவிடும்படி அமைத்திருந்தார். அந்த முனைகளை மூடி, எங்கள் தொட்டியைப் போலவே சுவர் வைத்து ஓட்டினார். 96ஆவது வினாடியில் படிமத்திலும் கோலம் சாய்ந்தது. இரு முடிவுகளையும் ஒரே படத்தில் அடுத்தடுத்து வரைந்து, எந்த விளக்கமும் எழுதாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் போனார். ஆறு வாரத்துக்கு அவர் கேட்ட ஈடு அவ்வளவுதான்.

முன்னால் ஓடும் பாங்குகளைப் பற்றிய தெளிவு, பின்புற அலைகளை வாசிக்கும் முறையையும் மாற்றியது. சுவரிலிருந்து எதிரொலி வருமுன்பே, மேட்டுக்கு முன்னால் இருக்கும் நீர் ஓய்வில் இல்லை. வினாடிக்கு 9.5, 4.8, 3.2, 2.4 செ.மீ. வேகங்களில் ஓடும் முதல் நான்கு பாங்குகளும் 2 செ.மீ. வேகத்தில் வரும் மேட்டை முந்திச் செல்லக்கூடியவை. ஒவ்வொன்றும் கடக்கும்போது எதிர்வரும் ஓட்டத்தைத் திருத்தி எழுதுகிறது. மேட்டை ஒட்டிய நீர் மேட்டோடு சேர்ந்தே தள்ளப்பட்டுத் தேங்கியது. எனவே மேடு உண்மையில் சந்தித்த ஓட்டம், வண்டியின் வேகத்தைப் பார்த்து நாங்கள் குறித்துவைத்த ஒரே சீரான 2 செ.மீ. அல்ல. கோட்பாட்டில் போட வேண்டிய வேகமும் அடர்த்திச் சரிவும், மேட்டுக்குச் சற்று முன்னால், அந்தக் கணத்தில் இருப்பவை. பீப்பாயில் ஊற்றியதையும் மோட்டாரில் திருகியதையும் வைத்து அவற்றை ஊகிக்க முடியாது.

இது தொட்டிக்கு மட்டும் உரிய தொல்லையல்ல. கடலில் எதிர்ச்சுவர் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம்தான். ஆனால் லூசோன் நீரிணையில் இரண்டு கடலடி மேடுகள் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன. ஒன்றில் எழும் உள்ளலை மற்றொன்றின் ஓட்டத்தை மாற்றுகிறது. ஜிப்ரால்டரில் ஓதத்தின் வேகம் உச்சத்தில் இருக்கும்போது நீரிணையின் அடியிலுள்ள காமரினல் திட்டின் பின்னால் பிடித்துவைக்கப்பட்ட அலை, ஓதம் தளரும்போது விடுபட்டு மத்தியதரைக் கடலுக்குள் ஓடுகிறது. 12.4 மணி நேரச் சுழற்சியில் திசைமாறி ஓடும் ஓட்டத்தில், அலைகள் நிலைபெற எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்ற கேள்வி, எங்கள் ஐம்பது வினாடி அளவீட்டுச் சாளரத்தின் பெரிய உருவமே.

மறுபடி செய்தால் மாறுபவை

முடிவுகளைத் துறைக்குள் விளக்கியபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, எதிர்ச்சுவரைப் பற்றி இவ்வளவு பேசினீர்களே, பின்சுவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. மேடு புறப்படும்போது எழும் கலக்கம் பின்னாலும் ஓடுகிறது. தொடக்கச் சுவர் வெறும் 50 செ.மீ. தள்ளியிருப்பதால், அது 5 வினாடியில் மோதித் திரும்பி, 13 வினாடியில் மேட்டையே முந்திவிடுகிறது. பிறகு அதுவும் எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பி, 104ஆவது வினாடியை ஒட்டி மேட்டைச் சந்திக்கிறது. எங்கள் சாளரத்துக்குள் அது மறுபடி வருவதில்லை என்பது தற்செயல், நாங்கள் திட்டமிட்டதல்ல. அடுத்த தொடரில் மேடு தொட்டியின் ஒன்றரை மீட்டரில் புறப்படும். பின்னலை எப்போது முந்துகிறது என்பதையும் சேர்த்துச் சாளரம் மறுபடி கணக்கிடப்படும். சட்டென்று முழு வேகத்தில் புறப்படாமல், சில வினாடிகளில் படிப்படியாக வேகம் கூட்டுவதும் திட்டத்தில் இருக்கிறது.

தொட்டியின் நீளத்தையும் பாங்குகளின் வேகத்தையும் கொண்டு சாளரத்தை முதலில் கணக்கிட்டு, அந்தச் சாளரம் போதுமா என்று பார்த்த பிறகே மேட்டின் உயரத்தையும் வேகத்தையும் தேர்ந்தெடுப்பது இன்னொரு மாற்றம். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். கணக்கு அரைப் பக்கம்கூட வராது.

மேலடுக்கு இரவில் கலப்பதைத் தடுக்கத் தொட்டியை மூடிவைத்துப் பார்த்தோம். கலப்பு குறைந்தது, நிற்கவில்லை. ஒரே நாளில் முடிப்பது என்ற விதி ஆகவே தொடர்கிறது.

கடைசியாக, பதிவேட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. ஒவ்வோர் இழுவைக்கும் முன்னால் 2, 3, 4 மீட்டர் புள்ளிகளில் மூன்று பெர்மாங்கனேட் பளிங்குகள் போடப்படுகின்றன. ஒவ்வொரு கோடும் முதன்முதலில் வளையும் நேரம் அந்தப் பத்தியில் குறிக்கப்படுகிறது. கணக்கிட்ட நேரத்திலிருந்து அது சில வினாடிகளுக்குமேல் விலகினால் அந்த இழுவை தள்ளுபடி. அந்தப் பத்தியை நிரப்பும் பொறுப்பு டெக்னீஷியனிடம் இருக்கிறது. தொடர்ந்து வந்த கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.